மாப்பிள்ளை அறையில் ஒரு பட்டாளம்

கீழக்கரை,
சனிக்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள மருமகன் இஃப்திகார் அவர்களுக்கு மாமி ஹமீதா பானு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கன நாங்க மூணு பேரும் அல்லாஹ் புண்ணியத்துல நல்லா இருக்கோம். நாலாவது ஆளும் உள்ள இருந்து உதைச்சுக்கிட்டே இருக்கு. நீங்க நல்லா இருக்கிற சேதியை எனக்குத் தனியா யாரும் சொல்ல வேண்டியதில்லை. உங்ககூடப் பேசி முடிச்சு எம்மக மின்ஹா போனைக் கீழ வைக்கிறப்ப அவ மூஞ்சியைப் பார்த்தாலே போதும், தோஹாவுல அன்னைக்கு வெயிலா புழுதிக்காத்தான்னு சொல்லிருவேன்.

மாமியார்கிட்டயிருந்து கடுதாசியான்னு பயந்துறாதீங்க. நம்ம வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும், மாமியார் மருமகன் முன்னால வந்து நின்னு பேசுறதில்லை. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷமாச்சு, உங்களுக்கு நான் கதவுக்குப் பின்னால கேக்கிற வளையல் சத்தம். எனக்கு நீங்க தட்டைச் சுத்தமாக் காலி பண்ணி அனுப்புற ஆளு. போன்ல பேசலாம்னா மின்ஹா பக்கத்துல காதைத் தீட்டிக்கிட்டுப் படுத்திருக்கா. நம்ம தெரு ஜெய்னுலாபுதீன் லீவு முடிஞ்சு தோஹாவுக்குத் திரும்புறார்னு கேள்விப்பட்டேன். நான் கிண்டின தொதல் பொட்டலத்தோட இதையும் அனுப்பிரலாம்னு உட்கார்ந்துட்டேன். அஞ்சாம் கிளாஸோட நின்னவ எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். சுண்டுவிரல் நுனி உசரத்துச் சிப்பாய்க்குச் சட்டைப்பொத்தான் வரையிற கண்ணு உங்களுக்கு, சமாளிச்சிருவீங்க.

மொதல்ல விஷயத்துக்கு வாறேன். உங்க பொம்மைப் பட்டாளத்தை வாங்கிக்கிறேன்னு சொன்ன சென்னைக்காரர் வியாழக்கிழமை கூப்பிட்டார். மின்ஹா தூங்குறாளேன்னு போனை நான் எடுத்தேன். பெட்டியெல்லாம் கட்டி ரெடியா இருக்கா, ஆள் அனுப்பட்டுமான்னு கேட்டார். எந்தப் பெட்டின்னேன். டாங்கி, ஜீப்பு, சிப்பாய், ஹெலிகாப்டர் எல்லாத்தையும் உங்க மருமகன் எனக்குத் தந்துடுறதாப் பேச்சு அம்மான்னார். கொடுக்கிறதுக்கு இல்லைன்னேன். அவரேதான் சொன்னார்னு மறுபடி சொன்னார். அவர் சொல்லுவார், பட்டாளம் முகாம் போட்டிருக்கிறது என் வீட்டுல, என் உத்தரவு இல்லாம ஒரு சிப்பாய் வாசப்படி தாண்டமாட்டான்னேன். பாவம் அந்த மனுஷன், மேடம் நீங்க யாருங்கன்னு கேட்டார். தளபதின்னு சொல்லிட்டு வைச்சிட்டேன்.

இந்நேரம் அவர் உங்ககிட்டப் புகார் பண்ணியிருப்பார். பண்ணட்டும். நான் ஏன் அப்படிச் சொன்னேங்கிறதைத்தான் இந்தக் கடுதாசியில எழுத வந்தேன்.

மின்ஹா தூங்கலை, மாப்பிள்ளை. கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்திருக்கா. நான் போனை வைச்சதும், உம்மா, அவங்க ஏன் எல்லாத்தையும் கொடுக்கிறாங்கன்னு கேட்டா. சின்ன டாங்கியைக் கொடுத்துட்டு நிஜ டாங்கி வாங்கப் போறாராம், உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகன்னு சொன்னேன். மத்த நாளா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. அன்னைக்குச் சிரிக்கலை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கிட்டா.

ஏன் கொடுக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும். என் கூடப்பிறந்த லாத்தா காலிதாவோட வாய்தான். போன வருஷம் மொதப் பிள்ளை தங்காமப் போனப்ப, துக்கம் விசாரிக்க வந்த இடத்துல, மாப்பிள்ளை அறையில உட்கார்ந்து அலமாரியைப் பார்த்துக்கிட்டே சொன்னா. இத்தனை உருவத்தை வீட்டுக்குள்ள வரிசை கட்டி வைச்சா வானத்து மலக்கு எந்த வழியா வரும், பிள்ளை எப்படித் தங்கும்னு. அந்தப் பேச்சு தோஹா வரைக்கும் எப்படி வந்துச்சுன்னு தெரியலை. நம்ம ஊர்ப் பேச்சுக்குப் பாஸ்போர்ட்டு, விசா ஒண்ணும் வேண்டாம் போல. லாத்தாவை அன்னைக்கே கேட்டேன். மலக்கு உங்க வீட்டுக்கு வந்தப்ப நீங்க டிவியில சீரியல் பார்த்துக்கிட்டிருந்தீங்களே, அந்த உருவமெல்லாம் என்ன கணக்குன்னு. அதோட ஒரு மாசம் என்கூடப் பேசலை. நிம்மதியா இருந்துச்சு.

ஆனாலும் மனசு கேக்கலை. உங்க மாமாவைப் பள்ளிவாசல் ஆலிம்சாகிட்ட அனுப்பினேன். தொழுற இடத்துல பார்வையில படுற மாதிரி வைக்க வேண்டாம், அலமாரிக்குள்ள வைச்சு மூடிக்கிடுங்கன்னு ஆலிம்சா சொன்னாக. இவுக விடாம, அந்தப் பிள்ளை போனதுக்கு இதுதான் காரணமான்னு கேட்டிருக்காக. ஆலிம்சாவுக்குக் கோபம் வந்துருச்சாம். பிள்ளையைக் கொடுக்கிறதும் எடுக்கிறதும் யார் கையில இருக்குன்னு நினைச்சீங்க வாவு முகம்மது, டாங்கி கையிலயான்னு கேட்டாகளாம். உங்க மாமா தலையைச் சொறிஞ்சுக்கிட்டே திரும்பி வந்தாக. அன்னைக்கே அலமாரிக்குத் திரை தைச்சுப் போட்டுட்டேன். பச்சைக் கலரு. பட்டாளத்துக்குப் பொருத்தமா இருக்கட்டுமேன்னு.

இன்னொண்ணும் பார்த்தேன். உங்க சிப்பாய்கள்ல பாதிப்பேர் கறுப்புக் கண்ணாடி மாட்டி, மூக்கு வரைக்கும் துணி கட்டியிருக்கான். எங்க லாத்தா வீட்டுப் பிள்ளைகளைவிட ஒழுங்கா முகத்தை மூடுறான்.

நீங்க எங்க வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கா? மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவாற ஊரு நம்ம ஊரு. புது மாப்பிள்ளை சாமானோட என்ன வருதுன்னு தெருவே எட்டிப் பார்க்கும். அத்தரும் கைலியும் வரும்னு பார்த்தா, பூட்டுப் போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒண்ணு மாத்தி ஒண்ணு இறங்குச்சு. தூக்கின ஆளுக்கு மூச்சு வாங்குச்சு. உள்ள தங்கக்கட்டிதான்னு பக்கத்து வீட்டு மாஷிதா சத்தியமே பண்ணினா. திறந்தா சோப்புக்கட்டி அளவு டாங்கி! பொண்ணு கேட்டு வந்தவுக பட்டாளத்தோட வந்திருக்காகன்னு தெருவுல ஒரு மாசம் இதே பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது யாருன்னு நீங்க கேக்கக்கூடாது, நானும் சொல்லமாட்டேன்.

இப்ப அந்தப் பெட்டி எங்களுக்கு என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன். மின்ஹா உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லமாட்டா. அழுதா நெட்வொர்க் சரியில்லைன்னு போனை வைக்கிற ஜாதி அவ.

இந்தத் தடவை டாக்டரம்மா கர்ப்பப்பை வாய்க்குத் தையல் போட்டு, படுத்தே இருக்கணும், சாஞ்சு உட்காரலாம், பாத்ரூமுக்கு மட்டும் எந்திரிக்கலாம்னு சொன்னப்ப எனக்குப் பிள்ளையைவிட மின்ஹாவை நினைச்சுத்தான் பயம். சின்னதுல தொட்டில்ல கிடக்காத கழுதை அது. மொத வாரம் சீலிங் ஃபேனைப் பார்த்துக்கிட்டே கிடந்தா. சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம். பிள்ளை அசைஞ்சா பயம், அசையலைன்னாலும் பயம். இவுக வாங்கிட்டு வந்த பத்திரிகையெல்லாம் விசிறியாப் போச்சு. அப்பத்தான் நீங்க வீடியோவுல வந்து, அடிப்பெட்டியில பெயிண்ட் அடிக்காத சிப்பாய் ஒரு கூட்டம் கிடக்கான், எனக்கு லீவுக்கு வந்தா நேரம் பத்தாது, நீ முடிச்சுத் தருவியான்னு கேட்டீங்க. பாவம் புருஷன் கஷ்டப்படுறாரேன்னு அவ ஒத்துக்கிட்டா. உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லைன்னு வாசல் திரைக்குப் பின்னால நின்ன எனக்குப் புரிஞ்சுது. அந்தப் பொய்க்கு அல்லாஹ் உங்களுக்கு நன்மை எழுதணும்.

அதுக்குப் பிறகு இந்த வீடு ராணுவத் தளவாடத் தொழிற்சாலைதான். தண்ணியில கரையிற பெயிண்ட்டுக்கு வாடை இல்லை, அவ அடிக்கலாம். அடிப்பூச்சு ஸ்ப்ரே புள்ளத்தாச்சிக்கு ஆகாதுன்னு நீங்க கண்டிப்பாச் சொன்னதால அது என் தலையில விழுந்துச்சு. மொட்டைமாடியில அட்டைப்பெட்டிக்குள்ள சிப்பாய்களை நிறுத்தி ஸ்ப்ரே அடிச்சேன். காத்து எந்தப் பக்கம் இருந்து வீசுதுன்னு பார்க்கலை. கீழ இறங்கி வந்தா, கதவைத் திறந்த இவுக என்னைப் பார்த்து யார் வேணும்னு கேட்டாக. புருவம் வரைக்கும் சாம்பல் கலரு. உங்க பட்டாளத்துல ஒரு ஆள் கூடிப்போச்சுன்னு மின்ஹா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. சிரிக்காதேடி, தையல் பிரிஞ்சிரும்னு நான் கத்த, அதுக்கும் சிரிச்சா.

பசையும் என் வேலைதான், அதோட வாடையும் அவளுக்கு ஆகாதே. ஒருத்தனுக்குத் துப்பாக்கி ஒட்டுறப்ப அவன் துப்பாக்கியும் என் ரெண்டு விரலும் ஒண்ணாப் போச்சு. அந்நேரம் பார்த்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்றாக. விரல்ல பசை இருந்தா தண்ணி தோல்ல படாது, தண்ணி படலைன்னா ஒளு எப்படிக் கூடும்? தேங்காயெண்ணெய் தேய்ச்சேன், சுடுதண்ணியில முக்கினேன், கடைசியில உங்க மாமா சப்பணம் போட்டு உட்கார்ந்து சுரண்டி எடுத்தாக. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் கையை அவ்வளவு நேரம் பிடிச்சிருந்தது அன்னைக்குத்தான். அதுக்கும் உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்.

மணல் கதையைக் கேளுங்க. காலடியில மணல் ஒட்டணும், பாலைவனம் மாதிரி இருக்கணும்னு நீங்க சொன்னீங்க. மணலுக்கா இந்த ஊருல பஞ்சம்னு கடற்கரையில ஒரு டப்பா அள்ளிட்டு வந்து சலிச்சு ஒட்டிட்டேன். ரெண்டு நாள் வாடைக்காத்து அடிச்சதும் சிப்பாய் நிக்கிற இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பூத்துருச்சு. உப்பு! கடல் மணலை நல்ல தண்ணியில அலசணும்னு எனக்குத் தோணவே இல்லை. இவ்வளவு கஷ்டப்பட்டும் வீணாப் போச்சேன்னு மின்ஹா அழ ஆரம்பிச்சா. ஏன்டி அழுவுற, பாலைவனத்துக்குப் போனவனை மேலிடம் பனிமலைக்கு மாத்திருச்சு, அரசாங்க வேலைன்னா ட்ரான்ஸ்ஃபர் வராதான்னேன். மூக்கை உறிஞ்சிட்டு, அப்படின்னா இவங்களுக்கு வெள்ளைக் குல்லா போடணும்மான்னு பிரஷ்ஷை எடுத்துட்டா. படத்துல நீங்க பார்த்து, இந்தப் பனி எப்படி இவ்வளவு தத்ரூபமா வந்துச்சுன்னு கேட்டீங்களே, அது எங்க ஊர்க் கடல் உப்பு.

இப்பச் சண்டையே நடக்குது. விருந்துக்கு நாலு பேர் சேர்ந்து சாப்பிடுற சஹன் இருக்குல்ல, அதை அவ கட்டில்ல வைச்சு, மணல் பரப்பி, முருங்கைக் குச்சியை மரமா நட்டு, உங்க பகடையை உருட்டுறோம். ரெண்டு பக்கத்துக்கும் எந்த நாட்டுப் பேரும் வேண்டாம், கற்பனைப் பேரு வைச்சுக்கோன்னு நீங்க சொன்னீங்களாமே. வைச்சாச்சு. ஒரு பக்கம் பெண் வீட்டார், இன்னொரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார். நான் பெண் வீட்டார். உங்க பொண்டாட்டி எப்பவும் மாப்பிள்ளை வீட்டார்தான், பெத்தவளை எதிர்த்து நிக்கிறா. ஜீப்பு எவ்வளவு தூரம் போகலாம்னு என் தையல் டேப்பாலதான் அளக்கிறோம். கொஞ்சம் தளர்த்திப் பிடிச்சா, உம்மா, டேப்பை இழுத்துப் பிடிங்க, அது கொடியில காயுற கைலி இல்லைன்னு கத்துவா. போன வாரம் உங்க டாங்கி ரெண்டையும் தூக்கிட்டேன். இவுக வந்து காதோட சொன்னாக, மாப்பிள்ளை வீட்டாரை ரொம்ப அடிக்காதே ஹமீதா, நாளைக்கு நல்லது கெட்டதுக்கு அவுக மூஞ்சியில முழிக்கணும்னு.

ஒரு தடவை மின்ஹா வழியா உங்ககிட்டக் கேட்டேன், ஞாபகம் இருக்கும். சண்டைன்னா என்னன்னு இந்தக் கரைக்குத் தெரியும். அந்தப் பக்கம் சண்டை நடந்தப்ப ராமேஸ்வரத்துல வந்து இறங்கின ஜனங்களுக்கு எங்க வீட்டுலயிருந்தும் சோறு போயிருக்கு. இதைப்போய் விளையாட்டா விளையாடணுமான்னு கேட்டேன். நீங்க கோவிச்சுக்கலை. விளையாட்டுல செத்தவன் அடுத்த வெள்ளிக்கிழமை பெட்டியிலயிருந்து எந்திரிச்சு வந்துருவான் மாமி, அதுக்காகவே விளையாடுறேன்னு சொன்னீங்களாம். அன்னைக்குச் செத்த சிப்பாய்களை மின்ஹா ஒவ்வொருத்தனாத் துடைச்சுப் பெட்டியில படுக்க வைச்சா. நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை.

நேத்து அசர் தொழுகைக்குப் பிறகு எழுதிக்கிட்டு இருக்கப்பவே நிறுத்த வேண்டியதாப் போச்சு. மின்ஹாவுக்கு இடுப்புல பிடிச்சு இழுத்துச்சு. காரை வரவழைச்சு இராமநாதபுரம் ஓடினோம். பதறாதீங்க, இப்ப வீட்டுல தூங்குறா, குறட்டைகூட விடுறா. டாக்டரம்மா பார்த்துட்டு, தையல் உறுதியா இருக்கு, பிள்ளை நெஞ்சு நல்லாத் துடிக்குது, இது பொய் வலின்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கினா. வாயால சொல்லமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணினேன்.

போற வழியில திருப்புல்லாணி தாண்டுறப்ப என் மடியில தலை வைச்சுக் கிடந்தவ கேட்டா. உம்மா, இதுவும் போயிட்டா அவங்க அடுத்து எதைக் கொடுப்பாங்கன்னு.

வண்டியை இன்னும் வேகமா ஓட்டச் சொல்லி ட்ரைவரைத்தான் விரட்டினேன் மாப்பிள்ளை.

பிடிச்சதை ஒண்ணு விட்டுக்கொடுத்தா பிள்ளை நிக்கும்னு நீங்க நினைச்சிருப்பீங்க. அவமேல உசிரா இருக்கிறதாலதான் அதைச் செய்யத் துணிஞ்சீங்கன்னு எனக்குத் தெரியாதா? சின்னப் பையனா இருந்ததுலயிருந்து ஒண்ணொண்ணாச் சேர்த்தது, ஒவ்வொருத்தன் எந்த ஊர்க் கடையில வாங்கினதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவீங்கன்னு மின்ஹா சொல்லியிருக்கா. ஆனா அவ மனசுல விழுறது வேற. நீங்க அதைக் கொடுத்துட்டா, போன பிள்ளை போனதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அதை நீங்களும் நம்புறீங்கன்னு ஆயிடும். காரணம்னு ஒண்ணைத் தேட ஆரம்பிச்சா இன்னைக்குப் பொம்மையில நிக்கும், நாளைக்கு வேற எதுலயோ நிக்கும், கடைசியில அவமேலதான் வந்து நிக்கும். லாத்தா சொன்னது ஒரு காது வழியா வந்து இன்னொரு காது வழியாப் போயிரும். நீங்க சொல்லாமச் செஞ்சா அது உள்ளயே தங்கிரும்.

லாத்தா மாறலை, அதையும் சொல்லிடுறேன். இன்னைக்குக் காலையில பார்க்க வந்தா. பச்சைத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஓதி ஊதிட்டுப் போனா. ஊதட்டும், அதுவும் பிள்ளைக்கு நல்லதுதான்.

நான் ஒண்ணும் படிச்சவ இல்லை. உங்க விளையாட்டுச் சட்டமும் எனக்குப் பாதி விளங்கலை. ஆனா, வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னால தினமும் நீங்க வீடியோவுல வந்து, பெயிண்ட்ல இன்னும் ஒரு சொட்டுத் தண்ணி விடு, கையைத் தலகாணி மேல வைச்சுக்கோ, மூச்சை விட்டுட்டுக் கோடு போடுன்னு அவளுக்குச் சொல்லித் தாறீங்களே, அப்ப நான் திரைக்குப் பின்னால நின்னு நானும் மூச்சை விடுவேன். பயந்து செத்துக்கிடந்த பிள்ளை, காலையில கண்ணு முழிச்சதும் இன்னைக்கு யாருக்கு பூட்ஸ் அடிக்கணும்னு கேட்டா. எம்மகளை எனக்குத் திருப்பிக் கொடுத்தீங்க. இதுக்கு எத்தனை தொதல் கிண்டி அனுப்பினாலும் ஈடாகாது. இருந்தாலும் கிண்டியிருக்கேன், ஜெய்னுலாபுதீன் வழியில பிரிச்சுத் தின்னுட்டார்னா எனக்குச் சொல்லுங்க.

அதனால நான் கேக்கிறது இதுதான். சென்னைக்காரருக்கு நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னதா இல்லாம, நீங்க சொன்னதா இருக்கணும். பிறகு மின்ஹாகிட்ட வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்னு விளக்கமெல்லாம் சொல்லாதீங்க. லீவுக்கு எழுதிக் கொடுத்தாச்சு, வாறப்ப பட்டாளத்துக்கு எந்த வண்டி வாங்கிட்டு வரணும்னு மட்டும் கேளுங்க. அழுவா. அழட்டும், நான் பக்கத்துல இருக்கேன். லீவு கம்பெனியில கொடுக்கலைன்னா மறுபடி கேளுங்க. மாமியாருக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க, எம்மேல என்ன வியாதி வேணும்னாலும் போட்டுக்கோங்க, பெரிய வியாதியாவே போடுங்க.

பனி நேரத்துல ஏசியைக் கூட்டி வைக்காதீங்க. கண்ணைக் கெடுத்துக்காதீங்க. அந்தச் சின்ன வேலைக்கு நல்ல விளக்கு ஒண்ணு வாங்கிக்கோங்க. ரெண்டு ரக்அத் கூடத் தொழுங்க. உங்களை வழியனுப்ப வாசல்ல நாங்க எத்தனை பேர் நின்னோமோ, நீங்க திரும்பி வாறப்ப அதைவிட ஒரு ஆள் கூடுதலா என் இடுப்புல இருந்து உங்களைப் பார்க்கணும். அதை மட்டும் அல்லாஹ்கிட்டக் கேளுங்க வாப்பா, நானும் அதை மட்டும்தான் கேக்கிறேன்.

உங்கள் மாமி,
ஹமீதா பானு